செயலில் இருக்கும் பட்டாம்பூச்சியைப் படமெடுத்தலும் திருத்தலும்: புதுச்சேரி, கடலூர்ப் பகுதிக்கான வழிகாட்டி

பூவின்மேல் இறக்கையை விரித்து அமர்ந்திருக்கும் பட்டாம்பூச்சியின் படம் இன்று கேமரா வைத்திருக்கும் எல்லாரிடமும் இருக்கிறது. அதே பூச்சி முட்டையிடும்போதும், இணையைச் சுற்றிப் பறக்கும்போதும், ஈரமண்ணில் உப்பை உறிஞ்சும்போதும், கூட்டுப்புழுவைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்போதும் எடுக்கப்பட்ட படங்கள் அரிது. விலையுயர்ந்த கருவி இல்லாததுதான் அதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்தில், அடுத்த நொடியில் பூச்சி எங்கே இருக்கும் என்பதை அருகிலிருக்கும் செடியைப் பார்த்துக் கணிக்கத் தெரியாததே முதல் காரணம். ஆகவே இங்கே செடிகளைப் பற்றி முதலிலும், கேமராவைப் பற்றி அடுத்தும், கணினியில் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றிக் கடைசியிலும் எழுதுகிறேன்.

இடமும் நேரமும்

நம் கடற்கரைப் பகுதிக்கு முதன்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மழை ஓய்ந்து செடிகள் புதுத்தளிர் விட்டிருக்கும் தை, மாசி மாதங்களின் காலை நேரமே இந்த வேலைக்கு மிக வசதியானது. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே வெயில் ஏறிவிடுவதால் பூச்சிகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். கடற்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: பெரும்பாலான நாட்களில் முற்பகல் முடியும் வேளையில் கடலிலிருந்து காற்று கிளம்பிவிடும், அதன்பின் பூக்காம்பு ஓயாமல் ஆடுவதால் ஃபோகஸ் நிற்காது. காலை ஏழரை முதல் பத்தரை வரை உள்ள மூன்று மணி நேரத்தை நம்பியே திட்டமிடுவது நல்லது.

இடங்களுக்குக் குறைவில்லை. 1826-இல் உருவாக்கப்பட்ட புதுச்சேரி தாவரவியல் பூங்கா, நகருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ள ஊசுட்டேரியின் கரைகள், தெற்கே பாகூர் ஏரி, காலாப்பட்டில் பல்கலைக்கழக வளாகத்துப் புதர்க்காடு, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு என்று வடக்கிலிருந்து தெற்கு வரை தேர்ந்துகொள்ளலாம். பறவைகள் சரணாலயமான ஊசுட்டேரியிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் கேமராவுடன் நுழைவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் காட்டில் ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது என்பதை ஊரார் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வரக் கூடாது. கடலூர்ப் பக்கம் கெடிலம், தென்பெண்ணை ஆற்றங்கரைகளும் கேப்பர் மலையின் செம்மண் மேடுகளும் ஏற்றவை; ஆனால் மத்தியச் சிறை அங்கேதான் இருக்கிறது, ஆகவே நீண்ட லென்ஸை அந்தத் திசையில் திருப்பாமலிருப்பது நலம்.

செடியைப் பார்த்துக் காத்திருத்தல்

பட்டாம்பூச்சியின் பின்னால் ஓடுகிறவருக்குப் பெரும்பாலும் அதன் முதுகும் மங்கிய இறக்கையும்தான் கிடைக்கும். அது வந்தே தீர வேண்டிய செடிக்கு அருகில் அசையாமல் நிற்பவருக்கு முகம் கிடைக்கும். ஒவ்வொரு இனமும் தன் புழு தின்னக்கூடிய சில செடிகளில் மட்டுமே முட்டையிடும் என்பதால், செடியை அறிந்தால் பூச்சியின் வருகையை அறியலாம். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை, விளா, கறிவேப்பிலை. கறிவேப்பிலை அழகிக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது. கொன்னை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை. சிவப்புடல் அழகிக்கு ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையோரத்தில் தூசி படிந்து நிற்கும் எருக்கஞ்செடிக்கு எதிரே அரை மணி நேரம் நின்றால், நல்ல வெயில் நாளில் வெந்தய வரியன் வராமல் போவது அபூர்வம்.

முட்டையிட வரும் பெண்பூச்சியை அதன் பறத்தலிலேயே அடையாளம் காணலாம். தேனைத் தேடும் பூச்சி நேராகப் பூவுக்குப் போகும். முட்டையிட வந்த பூச்சி பூவைப் பொருட்படுத்தாமல் இலைகளின் மேல் தாழ்வாகத் தயங்கித் தயங்கிப் பறந்து, ஓர் இலையை முன்காலால் தட்டிப் பார்த்து, விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போகும். அந்தத் தட்டலில்தான் இது சரியான செடியா என்பதை அது சுவைத்து அறிகிறது. பிடித்த இலை கிடைத்ததும் இறக்கையைப் படபடத்தபடியே வயிற்றை முன்புறமாக வளைத்து, இளந்தளிரிலோ இலையடியிலோ ஒரு முட்டையை ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடும். இதெல்லாம் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடுவதால், தட்டத் தொடங்கியதுமே ஷட்டரை அழுத்தத் தொடங்க வேண்டும். ஓர் இலையில் இட்டு முடித்ததும் அது பெரும்பாலும் அதே செடியின் இன்னொரு தளிருக்கோ பக்கத்துச் செடிக்கோ போகும் என்பதால், முதல் வாய்ப்பு தவறினாலும் நகராமல் நில்லுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வேடிக்கை உண்டு. கறிவேப்பிலைச் செடியில் சிவப்புடல் அழகி முட்டையிடுவதாக யாராவது படம் காட்டினால், அதன் உடலின் நிறத்தைப் பாருங்கள். உடல் கருப்பாக இருந்தால் அது வேடமிட்ட கறிவேப்பிலை அழகி. அந்த இனத்தின் பெண்களில் ஒரு வகை, பறவைகள் உண்ணத் தயங்கும் சிவப்புடல் அழகியைப் போலவே இறக்கை கொண்டது. ஆனால் உடலின் சிவப்பு மட்டும் அதற்கு வாய்க்கவில்லை.

ஆண்பூச்சிகளுக்கு வேறு இடங்கள் உள்ளன. வெந்தய வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவற்றின் ஆண்கள் இணையை ஈர்க்கும் மணத்துக்குத் தேவையான வேதிப்பொருளைத் தேடித் தேள்கொடுக்குச் செடியின் காய்ந்த தண்டிலும் கிலுகிலுப்பைச் செடியிலும் கூட்டமாக மொய்க்கும். ஏரியின் வற்றிய ஓரத்தில் தேள்கொடுக்கு காய்ந்து கிடந்தால் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுவதில் மூழ்கிய பூச்சிகள் நீங்கள் மெதுவாக நெருங்குவதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, தங்களுக்குள் இடத்துக்காகத் தள்ளிக்கொள்ளும் காட்சியும் கிடைக்கும். மழைக்கு மறுநாள் ஈரச் சேற்றில் உப்புக்காக இறங்கும் கொன்னை வெள்ளையன்களுக்கும் இது பொருந்தும். அங்கே முழங்கை மண்ணில் படும்படி படுத்தால்தான் படம் படமாக இருக்கும். வெட்டவெளித் தரையிலும் ஒற்றையடிப் பாதையிலும் அமரும் நீல வசீகரனின் ஆண், தன் எல்லைக்குள் பறக்கும் எதையும் துரத்திவிட்டு ஏறத்தாழ அதே இடத்துக்குத் திரும்பி வரும். துரத்தப் போனதும் அது அமர்ந்திருந்த இடத்தில் ஃபோகஸைக் கைமுறையாக நிறுத்திக் காத்திருந்தால் இறங்கும் தருணம் கையில் சிக்கும்.

எந்தச் சூழலிலும் உங்கள் நிழல் பூச்சியின்மேல் விழக் கூடாது. விழுந்த கணமே அது பறந்துவிடும். குளிர்பெட்டியில் வைத்து மயக்கிய பூச்சியைப் பூவில் உட்கார வைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் காலும் உணர்கொம்பும் நிற்கும் விதமே உண்மையைச் சொல்லிவிடும், அதைச் செய்யாதீர்கள்.

வேகமும் தூரமும்

பறக்கும் பூச்சிக்கு என்ன ஷட்டர் வேகம் வேண்டும் என்பதை மனப்பாடம் செய்வதைவிடக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நான்கு செ.மீ. நீள இறக்கை கொண்ட ஓர் அழகி வினாடிக்குப் பத்து முறை இறக்கையடிப்பதாகவும், ஒவ்வொரு வீச்சும் 120 பாகை இருப்பதாகவும் கொள்வோம். இறக்கை நுனி ஒருமுறை கீழே போய் மேலே வருவதற்குள் சுமார் 17 செ.மீ. நகர்கிறது, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர். 1/500 நொடியில் அது 3 மி.மீ.க்கு மேல் நகர்ந்து வெறும் புகையாகிவிடும். 1/2000 நொடியில் நகர்வு ஒரு மி.மீ.க்குள் அடங்கும், 1/4000 நொடியில் அரை மி.மீ.க்கும் குறையும். எனவே 1/2000 என்பதைக் குறைந்த அளவாகக் கொண்டு, வெளிச்சம் இடம் கொடுத்தால் 1/3200, 1/4000 என்று ஏறுங்கள். இந்தக் கணக்கு சராசரியைத்தான் சொல்கிறது. உச்சியிலும் அடியிலும் திசை மாறும் கணத்தில் இறக்கை ஏறத்தாழ நின்றுவிடும் என்பதால், தொடர்ச்சியாக எடுக்கும் படங்களில் மிகக் கூர்மையானவை அந்த இரு நிலைகளில் விழுந்தவையாகவே இருக்கும்.

அமர்ந்திருக்கும் பூச்சிக்கும் ஒரே வேகம் போதாது. வரியன்கள் இறக்கையை மூடி அமைதியாகத் தேன் குடிக்கும். அவற்றுக்கு 1/320 போதும். அழகிகளோ குடிக்கும்போதும் முன்னிறக்கையை விடாமல் படபடக்கும். அவை இட்லிப்பூவிலோ உண்ணிப்பூவிலோ அமர்ந்திருப்பதாகத் தோன்றினாலும் 1/1600-க்குக் கீழே இறங்க வேண்டாம். எப்போதாவது வேண்டுமென்றே 1/200-க்கு இறங்கி, உடல் கூர்மையாகவும் இறக்கை மங்கலாகவும் இருக்கும்படி எடுப்பதும் அழகுதான்.

அடுத்தது தூரம். பெரும்பாலானவர்கள் இதில்தான் படத்தை இழக்கிறார்கள். மேக்ரோ லென்ஸ் கையில் இருந்தால் முடிந்தவரை நெருங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் நெருங்க நெருங்கக் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுருங்கும். ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவுச் சென்சார் கொண்ட கேமராவில் எஃப் 8 அப்பர்ச்சரில், பூச்சி சட்டகத்தை நிறைக்கும்படி 0.4 மடங்கு உருப்பெருக்கத்தில் (சென்சாரில் விழும் பிம்பம் பூச்சியின் உண்மை அளவில் 0.4 பங்கு) எடுத்தால் ஆழம் 3 மி.மீ.க்கும் குறைவு. பறக்கும் பூச்சியை அதற்குள் பிடிப்பது குருட்டு அதிர்ஷ்டம். 100 மி.மீ. லென்ஸோடு சுமார் 1.2 மீட்டருக்குப் பின்வாங்கினால் உருப்பெருக்கம் 0.1 ஆகிறது, ஆழம் மூன்றரை செ.மீ.க்கு விரிகிறது, சட்டகத்தின் அகலம் 23 செ.மீ. இருப்பதால் பூச்சி எங்கே திரும்பினாலும் இறக்கை வெட்டுப்படாது. 24 மெகாபிக்சல் படத்தில் நடுப்பாதியை மட்டும் வெட்டினாலும் 3000 × 2000 பிக்சல் மிஞ்சும். அது பத்து அங்குல அகலத்துக்கு நன்றாக அச்சிடப் போதும். 70–300 மி.மீ. ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் மேக்ரோ இல்லையே என்று ஏங்கத் தேவையில்லை. பறக்கும் படங்களுக்கு அதுவே பெரும்பாலும் ஒரு படி மேல்.

ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ-வைத் தானியங்கியில் விட்டு, மேல் எல்லையை 3200 என்று வையுங்கள். வெள்ளையன்கள் பச்சைப் பின்னணியில் எளிதில் வெளுத்துப்போகும் என்பதால் வெளிப்பாட்டை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்தும், வெண்புள்ளிக் கருப்பனுக்குச் சிறிது கூட்டியும் எடுத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். ஃபோகஸ் தொடர் நிலையில், ஒற்றைப் புள்ளியிலோ சிறு கட்டத்திலோ இருக்கட்டும். லென்ஸில் தூர எல்லைப் பொத்தான் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஃபோகஸ் பூச்சியை விட்டுப் பின்னாலுள்ள வேலியைத் தேடி ஓடும்.

ஓசையில்லாத மின்னணு ஷட்டர் ஒரு கண்ணியாக அமையலாம். பல கேமராக்களில் அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முழுவதையும் படித்து முடிப்பதற்குள் இறக்கை பாதி வீச்சை முடித்துவிடும். ஒவ்வொரு வரியும் 1/4000 நொடியில் உறைந்திருந்தாலும் இறக்கை ரப்பரைப்போல் வளைந்து தெரியும். விரைவாகப் படிக்கும் அடுக்குச் சென்சார் இல்லாத கேமராவில் இயந்திர ஷட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில், பொத்தானை முழுவதும் அழுத்துவதற்கு முந்தைய நொடியையும் சேமிக்கும் வசதி இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஒலிம்பஸ் 2016-இல் புரோ கேப்சர் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. இன்று நிக்கான், கேனான், ஃபியூஜிஃபிலிம் ஆகியவற்றின் சில கேமராக்களிலும் உள்ளது. பூச்சி பூவை விட்டு எழும்பியதைக் கண்டபின் அழுத்தினாலும் எழும்பிய கணம் பதிவாகிவிடும். கைப்பேசி மட்டும் இருப்பவர்கள் வினாடிக்கு 240 சட்டங்கள் பதியும் மெதுவியக்கக் காணொளியை எடுத்து, அதிலிருந்து ஒரு சட்டத்தைப் பிரித்துக்கொள்ளலாம். தெளிவு குறைவுதான், ஆனால் பூச்சியின் நடத்தை முழுமையாகத் தெரியும்.

குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே நம் ஊர்ப் புழுக்கத்துக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்கவும்.

மொட்டைமாடியில் ஒரு கூட்டுப்புழு

இந்த வேலையில் வெளியே போகாமலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு மொட்டைமாடித் தொட்டியில் மருந்தடிக்காத கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும். இலைமேல் பறவை எச்சம்போல் கிடக்கும் சிறு புழு, வளர்ந்தபின் இலைப்பச்சை நிறத்துக்கு மாறும். பிறகு ஒரு குச்சியில் பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அன்றாடம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒருநாள் மாலையில் கூட்டின் நிறம் கருத்து, உள்ளே இறக்கையின் வெண்புள்ளிகள் தோலுக்கு அடியில் தெரியத் தொடங்கினால் மறுநாள் காலையில் தயாராக இருக்க வேண்டும்.

முக்காலியை இரவே நிறுத்தி, கூட்டின் பக்கவாட்டுத் தளத்துக்கு லென்ஸ் நேராக இருக்கும்படி அமைத்து, எஃப் 11 வைத்து, ஃபோகஸையும் வெளிப்பாட்டையும் கைமுறையில் பூட்டிவிடுங்கள். கூட்டுக்கு மேலே ஒரு கை அளவுக்கு இடம் விட்டுச் சட்டகத்தை அகலமாக வையுங்கள், ஏனெனில் வெளிவந்த பூச்சி மேலேறித் தொங்கும் இடம் கூட்டைவிடச் சில செ.மீ. உயரத்தில் இருக்கலாம். தலைப்பக்கம் தோல் பிளந்து ஓரிரு நிமிடத்தில் பூச்சி வெளியே வந்துவிடும். அப்போது வயிறு பருத்தும் இறக்கைகள் ஈரத்துணியாகச் சுருங்கியும் இருக்கும். உறிஞ்சுகுழல் அப்போது இரண்டு இழைகளாகப் பிரிந்திருக்கும். பூச்சி அதைச் சுருட்டியும் நீட்டியும் இரண்டையும் இணைத்து ஒரே குழலாக்குவதைக் காண்பதற்கே இவ்வளவு ஏற்பாடும் தகும். அந்த இணைப்பு நடக்கும் நிமிடங்களில் முகத்தை மட்டும் நெருக்கி எடுத்த படங்களும், இறக்கை விரியும் பத்து இருபது நிமிடங்களில் சீரான இடைவெளியில் எடுத்த படங்களும் சேர்ந்து ஒரு முழுத் தொடராகும். இறக்கை உலர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை தொடக் கூடாது, செடியையும் நகர்த்தக் கூடாது.

கணினியில்

கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால்தான் இனிச் சொல்வது முழுமையாகப் பயன்படும். லைட்ரூம் என்ற திருத்த மென்பொருளை வாங்க இயலாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

தேர்வே பாதி வேலை. ஒரு காலையில் நூற்றுக்கணக்கில் சேரும் படங்களை முதலில் முழு உருப்பெருக்கத்தில் பார்த்து, கண் கூர்மையாக இல்லாதவற்றை இரக்கமில்லாமல் நீக்குங்கள். மிஞ்சியவற்றில் இறக்கை நிலையையும், பூச்சிக்கும் பூவுக்கும் உள்ள உறவையும் பாருங்கள். இலையை நோக்கி வளைந்த வயிறு தெரியாத முட்டையிடும் படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், முட்டையிடும் படம் ஆகாது.

வெண்சமநிலையில் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வதில்) முதல் சிக்கல் பச்சை. சுற்றியுள்ள இலைகளிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் வெள்ளை இறக்கையின் அடிப்பக்கத்தைப் பச்சையாக்கிவிடும். சாயலைச் சிறிது மஜந்தா பக்கம் நகர்த்தினால் சரியாகும். ஆனால் கொன்னை வெள்ளையனின் இறக்கையைக் கருவியால் சொடுக்கி அதையே வெள்ளை என்று கணினிக்குச் சொல்லாதீர்கள், அந்தப் பூச்சி இயல்பிலேயே இளம்பச்சையும் மஞ்சளும் கலந்தது. அங்கேயே ஒரு சாம்பல் நிற அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நேர்வழி.

நிறச்செறிவை ஒரேயடியாக ஏற்றும்போது முதலில் பலியாவது சிவப்புடல் அழகியின் உடலும் நீல வசீகரனின் பின்னிறக்கையும்தான். அந்தந்த நிறம் அதன் உச்ச அளவைத் தொட்டு நிரம்பி வழிந்ததும் மென்செதில்களின் நுணுக்கம் மறைந்து தட்டையான வண்ணப்பூச்சு மிஞ்சும். மொத்தச் செறிவைத் தொடாமல், சிவப்பின் ஒளிர்வை மட்டும் சற்றுக் குறையுங்கள். வெண்புள்ளிக் கருப்பனின் கருமையைத் தூக்கும்போதும் கை அளவாக இருக்கட்டும்; உச்சிவெயிலில் தெரியும் பழுப்பு தென்படும் அளவுக்குப் போதும், சாம்பலாக வேண்டாம்.

இரைச்சல் (படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகள்) நீக்கம் முதலில், கூர்மையாக்கம் பிறகு. உயர் ஐஎஸ்ஓ-வில் பின்னணியை மட்டும் தேர்ந்து (முகமூடி இட்டு) இரைச்சலை வலுவாகக் குறைத்து, பூச்சியின்மேல் பாதியளவாக நிறுத்துங்கள். செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் நன்றாக வேலை செய்கின்றன. ஆயினும் மங்கிய இறக்கையில் இல்லாத செதில்வரிசையை அவை தாமாகவே வரைந்துவிடக் கூடும், எனவே மூலப்படத்தை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். கூர்மையாக்கத்தின் ஆரத்தை ஒரு பிக்சலுக்குள் வைத்து, கண், உணர்கொம்பு, இறக்கை நரம்பு ஆகியவற்றுக்கு மட்டும் கொடுங்கள். வெட்டும்போது பூச்சி போகும் திசையில் இடம் விடுங்கள்.

குறுக்கே நீளும் ஒரு புல்லை நீக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். சுவரில் மாட்டும் படமென்றால் உங்கள் விருப்பம். போட்டிக்கு அனுப்பும் படமென்றால் கூடாது: பியாப், பிஎஸ்ஏ, ஆர்பிஎஸ் ஆகிய புகைப்பட அமைப்புகள் ஏற்றுக்கொண்டுள்ள இயற்கைப் படத்துக்கான வரையறையில், வெட்டுவதைத் தவிர எதையும் நீக்கவோ சேர்க்கவோ இடம் மாற்றவோ இடமில்லை. பறக்கும் பூச்சியின் பல நிலைகளை ஒரே சட்டத்தில் அடுக்கிக் காட்டும் கூட்டுப்படமும் அந்தப் பிரிவுக்கு ஆகாது. மற்ற இடங்களில் வெளியிடும்போது அது பல படங்களின் கூட்டு என்று கீழே எழுதிவிடுங்கள்.

கூட்டுப்புழுத் தொடரைப் போன்றவற்றுக்கு முதல் படத்தின் வெண்சமநிலையையும் வெளிப்பாட்டையும் அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டி வரிசையாக வையுங்கள். இனத்தை உறுதிசெய்ய இறக்கையின் மேற்புறமும் அடிப்புறமும் தெரியும் படங்களில் ஒவ்வொன்றைத் திருத்தாமல் தனியே வைத்துக்கொண்டு, ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். கோப்பின் பெயரில் தேதி, இடம், பூச்சியின் பெயரோடு அது அமர்ந்திருந்த செடியின் பெயரையும் சேருங்கள்; அடுத்த ஆண்டு எந்த மாதத்தில் எந்தச் செடிக்கு எதிரே நிற்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.